ஒரு குழம்பு, ஒரு காய்

2019 கோடையில் என் கணவரின் ரத்தப் பரிசோதனைத் தாளில் ஹெச்பிஏ1சி 6.1 என்று வந்திருந்தது. 5.7க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 6.5ஐத் தொட்டுவிட்டால் சர்க்கரை நோய், இடையில் நிற்பவர்கள் திரும்பி வர இன்னும் வழியிருக்கிறது என்று டாக்டர் விளக்கினார். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எண் அது. பரிசோதனைக்கு முந்தைய நாள் பட்டினி கிடந்து அதை ஏமாற்ற முடியாது. “வெளியில சாப்பிடுவீங்களா?” என்று கேட்டார். இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம்: “இல்லைங்க டாக்டர், எல்லாம் வீட்டுச் சாப்பாடுதான்.”

அவர் சிரித்துவிட்டார். “இங்க வர்றவங்க எல்லாரும் இதைத்தாம்மா சொல்றாங்க. ஒரு வாரம் வாயில போடுறதை எல்லாம் ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க. வீட்டுச் சாப்பாட்டையும் சேர்த்து.”

எழுதினோம். காலையில் இட்லி, தேங்காய்ச் சட்னி. பதினொரு மணிக்கு மில் கேன்டீனில் டீயும் உளுந்த வடையும். மதியம் நான் கட்டிக்கொடுத்த டிபன் கேரியர்: அடுக்கு நிறைய வெள்ளைச் சோறு, சாம்பார், ரசம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். சாயங்காலம் டீ, பிஸ்கட். இரவு தோசை. ஞாயிற்றுக்கிழமை இரவு பரோட்டாவும் சால்னாவும், மதுரைக்காரர்களுக்கு அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. டீயில் போட்ட சர்க்கரையை மட்டும் கூட்டிப் பார்த்தேன். ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன், ஒரு நாளைக்கு ஐந்து டீ. ஒரு டீஸ்பூனில் நான்கு கிராமுக்குக் குறையாமல் நிற்கும். ஆக 40 கிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனம், சர்க்கரையை 25 கிராமுக்குள் நிறுத்திக்கொண்டால் நல்லது என்கிறது. பிஸ்கட்டும் பாயசமும் இந்தக் கணக்கில் வரவில்லை.

நோட்டில் பச்சை நிறமே இல்லை. வாரம் முழுக்கத் தேடினால் ஒரு கரண்டி பீன்ஸ் பொரியலும், சாம்பாரில் மிதந்த முருங்கைக்காய்த் துண்டுகளும் கிடைத்தன. நாங்கள் காய் வாங்காத குடும்பம் இல்லை. பிரிட்ஜின் கீழ்த்தட்டில் சுரைக்காய் எப்போதும் இருக்கும். வாடிப்போய், பிறகு குப்பைக்குப் போகும். ஏன் என்று யோசித்தபோது காரணம் அடுப்படியிலேயே கிடைத்தது.

நான் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். அப்போது ஐந்து மணிக்கு முன்பே எழுந்து எட்டு மணிக்குள் மூன்று கேரியர் கட்டியாக வேண்டியிருந்தது. எங்கள் வீட்டு வழக்கத்தில் சாப்பாடு என்றால் ஒரு குழம்பு, ரசம், இரண்டு காய், மோர். இது நான் வைத்த சட்டம் இல்லை. என் அம்மா வீட்டிலும் இதுதான், மாமியார் வீட்டிலும் இதுதான். இத்தனை வகையையும் ஒரே ஆள் மூன்று மணி நேரத்தில் முடிக்க வேண்டும் என்றால் கை எதைத் தேடும்? சீக்கிரம் வேலை முடிகிற உருளைக்கிழங்கைத் தேடும். எண்ணெயில் போட்டுப் பிரட்டினால் பத்து நிமிஷம். முளைக்கீரையை ஆய்ந்து, மண் போக அலசி, நறுக்கி முடிப்பதற்குள் முக்கால் மணி நேரம் ஓடிவிடும். இலையில் வகை கூடக் கூட கீரையும் சுரைக்காயும் பின்னால் தள்ளப்பட்டு, வறுவலும் அப்பளமும் முன்னால் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஆரோக்கியத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்த நேரக் கணக்கைப் பற்றி ஏன் பேசுவதில்லை என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

கோயம்புத்தூரில் படித்துக்கொண்டிருந்த மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். அப்பாவின் ரிப்போர்ட்டைப் பார்த்ததும், “இனிமே வீட்டுல கிளீன் ஈட்டிங்தாம்மா” என்றாள். செல்போனில் படங்கள் காட்டினாள். ஒரு பீங்கான் கிண்ணத்தில் கினோவா, அதன் மேல் அவகாடோ, ஓரத்தில் சியா விதை. ஒரு கடையில் விலை விசாரித்துவிட்டுத் திரும்பி வந்தோம். அவகாடோ எங்களுக்குப் புதுப்பொருள் ஒன்றும் இல்லை. கொடைக்கானல் கீழ்மலையில் விளைந்து, பருவத்தில் மதுரைக்குக் கூடை கூடையாக வருகிற பட்டர் ஃப்ரூட்தான் அது. நல்ல பழம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஐந்து மணிக்கு எழுந்திருக்கும் என் பிரச்சினைக்குப் பட்டர் ஃப்ரூட்டில் பதில் இல்லை.

அலுவலகத்தில் ஆளுக்கொரு யோசனை. ஒருவர் பேலியோ என்றார். அரிசியையே கண்ணால் பார்க்கக்கூடாது என்றார். இன்னொருவர் காலையில் கேரட், பீட்ரூட், ஆப்பிள் ஜூஸ் என்றார். சாப்பாட்டு இடைவேளையில் பெரும்பாலோர் கை நீட்டிய இடம் சிறுதானியம். மருத்துவர் கு. சிவராமன் ஆனந்த விகடனில் ஆறாம் திணை எழுதிய நாளிலிருந்தே எங்கள் அலுவலகத்தில் வரகு, சாமை, தினை பற்றிய பேச்சு உண்டு. ஒரு சாயங்காலம் நானும் குதிரைவாலி ஒரு கிலோ, கம்பு ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அத்தை அந்தப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். என் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எழுத்தாளர் கி.ரா. பிறந்த இடைசெவல் பக்கத்துக் கரிசல் கிராமம் அவருடையது. ஒரு பிடி குதிரைவாலியை உள்ளங்கையில் கொட்டி ஊதிப் பார்த்துவிட்டு, “இதை எதுக்கு தாயி காசு குடுத்து வாங்கியாந்த?” என்றார். உடம்புக்கு நல்லதாம் என்றேன். “நல்லதுதேன். எனக்கு வேணாம்” என்று எழுந்து போய்விட்டார்.

இரவு நானாகக் கேட்டேன். அத்தை அதிகம் பேசுகிறவர் இல்லை, அன்றைக்குப் பேசினார். குதிரைவாலி, வரகு, சாமை போன்ற சிறுதானியங்களுக்கு உமி இறுக்கமாக ஒட்டியிருக்கும். திருகையில் போட்டுத் திரிக்க வேண்டும், சுளகில் புடைக்க வேண்டும், உரலில் இட்டுக் குத்த வேண்டும், மறுபடி புடைக்க வேண்டும். கம்பு என்றால் தண்ணீர் தெளித்து ஊறவிட்டுக் குத்தி, தவிடு நீக்கி, திரும்பவும் குத்தி, நொய்யாக்கி உலையில் போட்டுத் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். காட்டு வேலைக்குப் போய்விட்டு வந்த பெண்கள் பொழுது சாய்ந்து உரலடிக்கு வருவார்கள். மறுநாள் பொழுது விடியும் முன்பு மறுபடி உலக்கை பிடிப்பார்கள். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். “அரிசி மில்லு வந்தப்ப நாங்க ஏன் சந்தோசப்பட்டோம்னு ஒங்களுக்குத் தெரியாது. நாக்கு ருசிக்குன்னு நெனைக்காத. தோள்பட்டை தப்பிச்சுச்சு.”

சிறுதானியங்களை நாம் ஏன் மறந்தோம் என்று மேடைகளில் கேட்கிறார்கள். பசுமைப் புரட்சியைச் சொல்வார்கள், ரேஷன் அரிசியைச் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான், 1966க்குப் பிறகு ஐ.ஆர்.8 போன்ற ரகங்கள் பரவி அரிசி பெருகியது, கூட்டுறவுக் கடையில் மலிவு விலைக்குக் கிடைத்தது, தமிழ்நாட்டில் 2011இலிருந்து விலையில்லாமலே கிடைக்கிறது. ஆனால் உலக்கை பிடித்தவர்கள் சொல்லும் காரணம் அந்த மேடைகளில் வருவதில்லை. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது நான் அத்தையின் தோளைத்தான் பார்த்தேன்.

அந்த இரவுக்குப் பிறகு எங்கள் வீட்டில் முதலில் பேசியது எதைச் சாப்பிடுவது என்பதைப் பற்றி இல்லை. யார் என்ன வேலை செய்வது என்பதைப் பற்றி. “காய் சாப்பிடணும்னா காய் நறுக்கணும். அதுக்கு எனக்குக் கை ரெண்டுதான் இருக்கு” என்று கணவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “என்ன நறுக்கணும், சொல்லு” என்றார்.

இரண்டு தீர்மானம் எடுத்தோம். வேலை நாளில் ஒரு குழம்பு, ஒரு காய், அவ்வளவுதான். ரசம் வைத்தால் அன்றைக்குக் குழம்பு கிடையாது. காய் நறுக்குவதும் கீரை ஆய்வதும் அவர் பொறுப்பு, முந்தைய நாள் இரவிலேயே முடித்துவிட வேண்டும்.

அத்தைக்கு இரண்டுமே பிடிக்கவில்லை. ஒற்றைக் காயோடு தட்டு வைத்தால் அது துக்க வீடு என்பது அவர் கட்சி. மகன் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்து, டிவியில் செய்தி பார்த்துக்கொண்டே அரைக்கீரை ஆய்ந்தபோது அவர் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். சில வாரம் அப்படியே போனது. பிறகு ஒரு நாள் பாகற்காயை மகன் நறுக்குகிற லட்சணம் பொறுக்காமல், “வெதையை எடுறா மொதல்ல, இப்படியா அறுப்பாக” என்று எழுந்து வந்து அருகில் உட்கார்ந்தார். அதன் பிறகு எங்கள் கூடத்தில் இரவுதோறும் ஒரு வகுப்பு நடந்தது. வாழைப்பூவில் நரம்பு எடுப்பது, வாழைத்தண்டில் நாரை விரலில் சுற்றி இழுப்பது, கொத்தவரங்காயின் இரு முனையைக் கிள்ளுவது எல்லாம் ஐம்பதை நெருங்கிய மகனுக்கு அம்மா சொல்லிக்கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்குப் போகத் தொடங்கினோம். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை இதுதான். 1999 நவம்பர் 14 அன்று கலைஞர் தொடங்கி வைத்தது. அடையாள அட்டை உள்ள விவசாயிகள் தாங்களே உட்கார்ந்து விற்பார்கள், அன்றைய விலை பலகையில் எழுதியிருக்கும். எது குறைந்த விலையோ அது பருவக் காய் என்பது சந்தையில் கற்ற பாடம். புடலங்காய் குவிந்து கிடந்தால் அந்த வாரம் புடலங்காய்க் கூட்டு. பரங்கி வந்தால் பரங்கி. நாம் ஒரு சமையல் குறிப்பை முடிவு செய்துகொண்டு காய் தேடிப் போவதைவிட, காயைப் பார்த்துவிட்டுச் சமையலை முடிவு செய்வது பாதிக் காசு, பாதி யோசனை. கீரைக்காரம்மா ஒருவர் என் கணவருக்கு எது சிறுகீரை, எது முளைக்கீரை என்று பிரித்துக் காட்டுவார். அடுத்த வாரம் அவர் மறுபடி கேட்பார். அந்தம்மா மறுபடி காட்டுவார்.

சமையல் என்ன மாறியது என்று கேட்டால், பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை. சாம்பாரில் முன்பு பருப்பில் காய் மிதக்கும். இப்போது காயில் பருப்பு ஒட்டியிருக்கும். சுரைக்காய், பீர்க்கங்காய், சௌசௌ எதுவானாலும் பாசிப்பருப்போடு குக்கரில் இரண்டு விசில் விட்டு, சீரகமும் இரண்டு பச்சை மிளகாயும் ஒரு பிடி தேங்காயும் அரைத்து ஊற்றி, ஒரு ஸ்பூன் எண்ணெயில் கடுகு தாளித்தால் கூட்டு. அதுவே அன்றைய காய், அதுவே அன்றைய குழம்பு. கீரையென்றால் மண்சட்டியில் வேகவைத்து, பூண்டும் சின்ன வெங்காயமும் சேர்த்து மத்தால் கடைந்துவிடுவேன். வாரத்தில் இரண்டு நாள் மீன் குழம்பு அல்லது முட்டை. மீனை வறுப்பதை நிறுத்தியதில் எண்ணெயும் மிச்சம், அடுப்பு துடைக்கிற வேலையும் மிச்சம்.

இரவுத் தோசைதான் கடினமாக இருந்தது. கிரைண்டரில் ஒரு முறை ஆட்டினால் வாரம் முழுக்கக் கவலையில்லாத ஏற்பாட்டை யார் விடுவார்கள்? ஆனால் காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை என்றால் மூன்று வேளையும் அரிசிதான், உருவம் மட்டும் மாறுகிறது. பச்சைப்பயறு கைகொடுத்தது. காலையில் ஊறப்போட்டுவிட்டுப் போனால் சாயங்காலம் மிக்ஸியில் இஞ்சி, பச்சை மிளகாயோடு அரைத்து உடனே தோசை ஊற்றலாம்; புளிக்க வைக்க வேண்டாம். இன்னொரு இரவு கடலைப்பருப்பு, துவரம்பருப்பு போட்ட அடை, அதில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை. மற்றொரு இரவு சுண்டலும் ஒரு பழமும். “சுண்டலெல்லாம் நவராத்திரிக்குத்தானே?” என்று கணவர் கேட்டார். சாமிக்கு நல்லது நமக்கும் நல்லதுதான் என்று சொல்லிவிட்டேன்.

சோற்றை விடவில்லை. விட்டால் அந்த ஏற்பாடு எங்கள் வீட்டில் ஒரு மாதம்கூட நிலைக்காது என்று எனக்குத் தெரியும். அத்தையிடம் ஒரு பழைய பித்தளை உழக்கு இருந்தது. முன்பு கண் அளவில் பாத்திரத்தில் அள்ளிப் போடுவேன். இப்போது உழக்கால் அளந்து போடுகிறோம். ஹைதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் தட்டில் பாதி காயும் பழமுமாக இருக்கட்டும் என்கிறது. அந்தத் தட்டின் படத்தை நாங்கள் சுவரில் ஒட்டி வைக்கவில்லை. முதலில் காயைப் பரிமாறி, மிஞ்சிய இடத்தில் சோறு வைப்பது என்று வரிசையை மாற்றினோம். எண்ணெயைக் குறைப்பதற்கும் அளவுதான் உதவியது. ஒருவருக்கு மாதம் அரை லிட்டர் என்று டாக்டர் சொன்னார். மாத ஆரம்பத்திலேயே அந்தக் கணக்குக்கு வாங்கித் தூக்கில் ஊற்றி வைத்துவிட்டால், இருபதாம் தேதி தூக்கின் அடி தெரியும்போது கை தானாகக் கட்டுப்படும். செக்கு எண்ணெயா ரீபைண்டா என்று பெரிய சண்டைகள் நடக்கின்றன. நாங்கள் செக்கு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் வாங்குகிறோம், மணத்துக்காக. செக்கு எண்ணெய் என்பதற்காக இரண்டு கரண்டி கூட ஊற்றினால் அது உடம்புக்குத் தெரியாமல் போகாது.

அடுத்த சண்டை பொட்டலங்களோடு. பாக்கெட்டின் பின்னால் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியலில், எடையில் அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. இதை மகள்தான் சொன்னாள். கிண்ணப் படங்களுக்கு நான் தராத மதிப்பை இதற்குத் தந்தேன். முன்பக்கம் கோதுமைக் கதிர் வரைந்த பிஸ்கட்டைத் திருப்பினால் முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அதற்கடுத்து பாமாயில். சர்க்கரை தன் பெயரிலேயே வரும் என்றும் இல்லை, குளுக்கோஸ் சிரப், இன்வர்ட் சிரப் என்றெல்லாம் வேஷம் மாற்றிக்கொண்டு வரும். பிள்ளைகளின் உயரத்துக்கென்று பாலில் கலக்கிக் கொடுத்த மாவுகளும் இதில் சேர்த்தி. இப்படிப்பட்ட பானங்களை இணையக் கடைகள் ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் வைத்து விற்கக்கூடாது என்று 2024 ஏப்ரலில் மத்திய வர்த்தக அமைச்சகமே சொன்னது.

பாக்கெட்டில் வருவதெல்லாம் கெடுதல் என்று நான் நினைக்கவில்லை. பருப்பும் ரவையும் பாக்கெட்டில்தான் வருகின்றன. பிரேசில் நாட்டுப் பேராசிரியர் கார்லோஸ் மொண்டேரோ உணவை அது எவ்வளவு தூரம் தொழிற்சாலையில் மாற்றப்பட்டது என்று பார்த்து நான்கு வகையாகப் பிரித்தார். நான்காம் வகைதான் வீட்டு அடுப்படியில் இல்லாத சேர்மானங்களால் ஆனது. 2019இல் அமெரிக்காவில் கெவின் ஹால் என்ற ஆய்வாளர் 20 பேரைத் தங்கவைத்து இதைச் சோதித்தார். இரண்டு வாரம் இந்த நான்காம் வகை, இரண்டு வாரம் சாதாரணச் சமையல். இரண்டிலும் சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து ஏறக்குறைய ஒரே அளவில் வைக்கப்பட்டன. எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம். நான்காம் வகை சாப்பிட்டபோது அதே ஆட்கள் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். டீயில் நனைத்த பிஸ்கட் வாயில் கரைந்து போகும் வேகத்தையும், அவித்த வேர்க்கடலையை மென்று தீர்க்கும் நேரத்தையும் நினைத்துப் பார்த்தால் இது விளங்கும். எங்கள் வீட்டில் சாயங்கால டப்பாவில் இப்போது வறுத்த கடலையும் பொரிகடலையும். அத்தை மட்டும் தனக்கென்று பிஸ்கட் வைத்திருக்கிறார். எண்பதை நெருங்குகிறவரிடம் பாக்கெட்டைத் திருப்பிக் காட்டுவது மரியாதை இல்லை.

குதிரைவாலி ஒரு கிலோவும் கம்பு ஒரு கிலோவும் என்ன ஆயின என்று கேட்பீர்கள். பல வாரம் அவை டப்பாவிலேயே இருந்தன. ஒரு விடுமுறை நாளில் அத்தை கம்பு டப்பாவைத் திறந்து, “இதுல குத்துறதுக்கு என்ன இருக்கு, உமியெல்லாம் மிசினுலயே போயிருச்சே” என்றார். மிக்ஸியில் போட்டு இரண்டு சுற்று சுற்றச் சொன்னார். நொய்யாக உடைந்ததும் குக்கரில் ஒன்றுக்கு நான்கு தண்ணீர் வைத்து வேகவிட்டு, ஆறியதும் கையை நனைத்து உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டார். மறுநாள் காலையில் ஓர் உருண்டையை மோரில் கரைத்து, உப்புப் போட்டு, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்தார். “குத்த வேண்டாம்னா குடிக்கிறதுக்கு என்ன?” அவ்வளவுதான் அவர் சொன்னது. இப்போது வெயில் காலம் முழுக்க எங்கள் வீட்டுக் காலை உணவு கம்மங்கூழ். கம்பை மாவாக அரைத்து அடைத்து வைக்கக்கூடாது, சீக்கிரம் கசந்துபோகும் என்பதும் அவர் சொன்னதுதான். அதில் எண்ணெய்ப்பசை கூடுதல்.

குதிரைவாலியை எப்போதாவது பொங்கலாக்குகிறேன். சிறுதானியத்தை மருந்து மாதிரி விற்கிறவர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அரிசியில் 100 கிராமுக்கு 78 கிராம் மாவுச்சத்து என்றால் கேழ்வரகிலும் கம்பிலும் 60க்கு மேல் இருக்கிறது. நார்ச்சத்து கூடுதல், கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து அரிசியைவிடப் பல மடங்கு, இதெல்லாம் உண்மை. ஆனால் தட்டில் மலைபோல் குவித்துச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறத்தான் செய்யும். வெள்ளை வெளேரென்று தீட்டி விற்கும் குதிரைவாலியில் தவிடும் போயிருக்கும். அதை இரண்டு மடங்கு விலை கொடுத்து வாங்குவதற்குப் புழுங்கலரிசியே போதும். மங்கலான நிறத்தில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள்.

மறு பரிசோதனையில் 5.8 வந்தது. சாப்பாட்டால் எவ்வளவு, சாயங்கால நடையால் எவ்வளவு, டீயில் சர்க்கரை பாதியானதால் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியாது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள், 13 கோடிக்கு மேல் எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் என்று கணக்குச் சொன்னது. என் கணவர் அந்த எல்லைக்கோட்டுக் கூட்டத்தில்தான் இன்னும் இருக்கிறார், கொஞ்சம் பின்னால் தள்ளி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் எங்கள் கதையைப் படித்துவிட்டுத் திடீரென்று சோற்றைக் குறைக்கக்கூடாது; மாத்திரையின் அளவும் மாற வேண்டியிருக்கும், டாக்டரைக் கேட்டே செய்ய வேண்டும்.

என் காலை இப்போது ஐந்தே முக்காலுக்குத் தொடங்குகிறது. நறுக்கிய காய் டப்பாவில் தயாராக இருக்கும், ஊறிய பருப்பு குக்கரில் இருக்கும். ஏழு மணிக்குக் கேரியர் கட்டி முடித்துவிட்டு உட்கார்ந்து டீ குடிக்கிறேன். விருந்தாளி வந்தால், நாள் கிழமை என்றால், பழையபடி ஐந்து வகையும் வடை பாயசமும் உண்டு. அதற்குக் குறை வைக்க அத்தை விடமாட்டார். மாதத்தில் ஒரு ஞாயிறு பரோட்டாவும் உண்டு. மகள் வேலைக்குப் போய்த் தனியறையில் இருக்கிறாள். ரைஸ் குக்கரில் பருப்பும் கீரையும் அரிசியும் ஒன்றாகப் போட்டுக் கிச்சடி செய்யத் தெரியும் அவளுக்கு. கினோவா பேச்சு நின்றுவிட்டது; வாடகை கொடுக்கத் தொடங்கினால் பல பேச்சு நின்றுவிடும்.

சத்தான சாப்பாட்டுக்கு என்ன வாங்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கிறார்கள். இருப்பதிலேயே இரண்டு வகையைக் குறையுங்கள் என்றுதான் சொல்கிறேன். பிறகு, வீட்டில் நல்ல சாப்பாடு வேண்டும் என்று முதலில் ஆசைப்படுகிறவர் யாரோ, அவர் கையில் அரிவாள்மனையைக் கொடுங்கள். கீரையில் ஆரம்பிக்கட்டும், தப்பில்லை. ஒன்று மட்டும் சொல்லிவிடுங்கள்: பச்சையாக இருக்கும்போது சட்டி நிறையத் தெரியும், வெந்தால் கால்வாசிதான் மிஞ்சும். உப்பைக் கடைசியில் போடச் சொல்லுங்கள்.